பதினைந்து பெயர்களோடு ஒரு திருத்தம்

போன மாதம் தேனியில் புதிய நிருபர்களுக்கு ஒரு கூட்டம் நடத்தினார்கள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிறவன் என்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், ஜனங்க எதை வச்சு சார் ஒரு கட்சியை நம்புறாங்க?" என்று கேட்டார். நான் இரண்டு தடவை இருமி, தண்ணீர் குடித்து, "நல்ல கேள்வி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஒருவர் "நல்ல கேள்வி" என்றால் அவரிடம் பதில் இல்லை என்று அர்த்தம். நாளைக்கு நீங்கள் பெரிய மனிதர்களிடம் மைக்கை நீட்டப் போகிறவர்கள், இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதில் என்னிடம் இல்லைதான். ஆனால் அந்தப் பதிலைத் தேடிப் போய் நான் பட்ட அசிங்கம் முழுசாக ஞாபகம் இருக்கிறது. அதை எழுதிவிடுகிறேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள், நானே இப்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகள் வரைக்கும் மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு நாளிதழுக்கு நான் கம்பம் பள்ளத்தாக்கு நிருபர். சின்னமனூரில் தொடங்கி, லோயர் கேம்ப்பில் பெரியாற்றுத் தண்ணீர் இறங்குகிற இடம் வரைக்கும் என் ராஜ்ஜியம். ராஜ்ஜியத்தைச் சுற்றிவர ஒரு சைக்கிள். செய்தியை எழுதிக் கவரில் போட்டு, சாயங்காலம் மதுரை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவசரம் என்றால் போஸ்ட் ஆபீசில் ட்ரங்க் கால் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். இந்த விவரம் போதும், மிச்சத்தைச் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும்.

கட்சிகளின் பெயரைச் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒன்றைக் குடை என்றும் இன்னொன்றைப் பூட்டு என்றும் வைத்துக்கொள்வோம். ஊரின் பெயரும் வேண்டாம். மலையடிவாரத்து ஊர் என்பது போதும்.

முதல் தேர்தலில் நான் செய்தது இதுதான். காலையில் சாவகாசமாகக் குளித்து, இட்லி சாப்பிட்டு, ஒன்பது மணிக்குச் சைக்கிளை எடுத்துத் தெருத் தெருவாகப் போனேன். வீட்டு வாசலில் இருந்த ஆண்களிடம் கேட்டேன். டீக்கடையில் கேட்டேன். "இந்தத் தெரு பூராவும் குடைதான் தம்பி, எழுதிக்கங்க" என்றார்கள். எழுதிக்கொண்டேன். நான்கு தெருவைக் கூட்டிப் பார்த்து, "குடைக்கு அமோக ஆதரவு" என்று கவர் அனுப்பினேன். எங்கள் ஆசிரியர் அதைக் கொட்டை எழுத்தில் போட்டார். ஓட்டு எண்ணினால் எங்கள் ஊர்ப் பெட்டிகளில் பூட்டு முன்னால் ஓடுகிறது, குடை எங்கேயோ பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது.

மறுநாள் கடைவீதிக்குப் போனேன். மளிகைக்கடை பால்ராஜ் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினார். நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், என் சைக்கிள் ஹேண்டிலில் ஒரு பழைய கறுப்புக் குடை தொங்குகிறது. சித்திரை வெயில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எடுத்து அவர் கடையில் கொண்டு போய் வைத்தேன். அடுத்த நாளும் தொங்கியது. "வச்சுக்கங்க சார், அமோக ஆதரவு வரும்போது நனைஞ்சிராம இருக்கணும்ல" என்றார். கடைவீதியே சிரித்தது. அடுத்த தேர்தல் வரும்வரைக்கும் அந்தக் குடை என் வீட்டு மூலையில்தான் கிடந்தது.

எங்கே தப்பு நடந்தது என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. என்னிடம் பேசிய ஆண்கள் எல்லோரும் குடைக்குத்தான் போட்டிருக்கிறார்கள். அப்புறம் ஒரு நாள், பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலையில் எழுந்து போனபோதுதான் உறைத்தது. அந்தத் தெருக்களின் பெண்களில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் தூக்குச்சட்டியோடு ஜீப்புக்கு நின்றுகொண்டிருந்தார்கள். மலைமேல், கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டங்களில் வேலை. ஆறு மணிக்கு ஏறினால் சாயங்காலம் இருட்டுகிற சமயத்துக்குத்தான் திரும்பி வருவார்கள். நான் பல் விளக்குவதற்கு முன்னால் ஊரில் பாதி ஓட்டு மலை ஏறிவிடுகிறது. ஒன்பது மணிக்குப் போய் மிச்சமிருந்த ஆண்களை எண்ணிவிட்டு ஊரையே எண்ணிவிட்டதாக நினைத்திருக்கிறேன், மடையன்.

அடுத்த தேர்தல் அறிவித்ததும் நான் விடிவதற்கு முன்னால் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டேன். டிரைவர் ராசு எனக்குத் தெரிந்தவர்.

"ஒரு நாளு மட்டும் ஏத்திக்க ராசு."

"என்னைய கேட்டா? வண்டிதான் நான் ஓட்டுறேன். எடம் அவுகளது" என்று பின்பக்கம் கையைக் காட்டினார்.

பின்னால் பதினாறு பெண்கள். அந்த ஜீப்பில் அத்தனை பேர் எப்படி உட்கார்ந்தார்கள் என்று கேட்காதீர்கள், நேரில் பார்த்த எனக்கே விளங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் இடம் உண்டு. வருஷக்கணக்காக அதே இடம், அதே பக்கத்து ஆள். வாசல் பக்கப் பலகையில் உட்கார்ந்திருந்தவர்தான் பேச்சியம்மாள். முப்பத்தைந்து வயது இருக்கும், பெருத்த குரல். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேப்பர்காரத் தம்பியா? எங்க எடத்துல ஒனக்கு என்ன சோலி?"

"நீங்க பேசுறதக் கேக்கணும்க்கா."

"பேசுறதுக்குக் கூலி கெடையாது. கேக்குறதுக்கு மட்டும் ஒனக்குச் சம்பளமா? நல்ல பொழப்புத்தான். ஏறு. பைய இங்கன குடு" என்று என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு கால் வைக்கத்தான் இடம் கிடைத்தது.

அந்தப் பயணத்தில் நான் கற்றதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்கவில்லை. லோயர் கேம்ப் தாண்டி, மலையிலிருந்து இறங்குகிற ராட்சசக் குழாய்களுக்குப் பக்கத்தில் ரோடு ஏறத் தொடங்கும். அதற்குப் பிறகு எஞ்சின் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. அதனால் எந்த விவகாரமாக இருந்தாலும் குழாய் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் சாயங்காலம் திரும்பும்போது. தோட்டத்தில் நிரை பிடித்து வரிசையாக வேலை செய்யும்போது வாயைத் திறக்க முடியாது, சூப்பர்வைசர் "எந்தா சம்சாரம்?", என்ன பேச்சு என்று மலையாளத்தில் கத்துவார். ஆக அரசியல் எல்லாம் ஊருக்கும் குழாய்க்கும் நடுவில்தான்.

ஒரு பெண் சொன்னார், "தேவதானப்பட்டியில எந்தம்பி சொல்றான், இந்தத் தடவை பூட்டு வந்தா கெணத்து மோட்டாருக்குக் கரண்டு இலவசமாம்."

உடனே எதிரிலிருந்து ஒரு குரல். "ஒந்தம்பியா? போன வருசம் எஞ் சின்ன மகளுக்கு ஒரு மாப்பிள்ள சொன்னானே, பி.ஏ. படிச்சிருக்கான்னு. பாத்தா பத்தாப்புப் பெயிலு. அவன் சொன்ன கரண்டும் அப்பிடித்தான் இருக்கும்."

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. அத்தோடு இலவசக் கரண்டு விவகாரம் முடிந்தது. எங்கள் ஆசிரியர் அரைப் பக்கம் போட்டிருந்த தேர்தல் வாக்குறுதியை ஒரு மாப்பிள்ளையை வைத்துத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், அதில் தப்பு என்ன இருக்கிறது? சொல்கிற ஆள் இதற்கு முன்னால் சொன்னது பலித்ததா என்று பார்க்கிறார்கள். நாம் அதைக்கூடப் பார்ப்பதில்லை.

நான் பேச்சியம்மாளிடம் கேட்டேன். "உங்க வீட்டுக்காரர் எந்தக் கட்சிக்கா?"

"அவரு சின்னமனூர் அரிசி மில்லுல. அங்கன எல்லாரும் குடை, அவரும் குடை. எங்க நாத்தனா வேற ஜீப்பு, அவ பூட்டு. ஒரே அடுப்புலதான் சோறு வேகுது."

"நீங்க?"

"போன தடவை பூட்டு. ஜீப்பே பூட்டுதான. மொதலாளி பூட்டுக்கட்சில பெரிய ஆளு. ஆனா அதுக்காகப் போடல. எம்புள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அன்னைக்கு நான் வர அரைமணி நேரம் ஆயிருச்சு. போயிருப்பாகன்னு நெனச்சு ஓடியாறேன், ஜீப்பு நிக்கிது. பதினஞ்சு பேரும் கூலில பிடிப்பாகன்னு தெரிஞ்சும் உக்காந்திருக்காக. மொதலாளியும் 'இருந்து கூட்டிட்டுப் போ'ன்னு சொல்லிட்டாரு. அப்பறம் எனக்கு எந்தக் கட்சின்னு தனியா என்ன யோசனை வேண்டிக் கெடக்கு?"

"இந்தத் தடவை?"

பதினாறு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஜீப் முதலாளி மாறிவிட்டார், இப்போது அவர் மகன். இரண்டாவது நடை அடிக்க வேண்டும் என்று, ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிடம் நிற்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். போன வாரம் ஒரு பெண் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் ஓடி வருகிறாள், ஜீப் கிளம்பிவிட்டது. பேச்சியம்மாள் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார், "எங்க அவசரத்துக்கு நிக்காத ஜீப்புக்கு நாங்க எதுக்கு நிக்கணும்? இந்தத் தடவை குடைக்குத்தான்!" எல்லோரும் ஆமாம் போட்டார்கள். குழாய் வந்துவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. போன தடவை தெருவை எண்ணினேன், ஜீப்பை அல்லவா எண்ணியிருக்க வேண்டும்! அன்றைக்கே எழுதி அனுப்பினேன். யார் பெயரும் போடவில்லை. ஆசிரியர் ட்ரங்க் காலில் கூப்பிட்டார்.

"செய்தி நல்லாருக்கு. பேரு எங்கய்யா? பேரில்லாத செய்தி வதந்தி. ஒரு பேராவது குடு."

வயர் இரைகிறது, போஸ்ட் மாஸ்டர் நேரமாகிறது என்று கையைக் காட்டுகிறார். எனக்குச் சட்டென்று வாயில் வந்தது பேச்சியம்மாள் பெயர். சொல்லிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுச் சொன்னதுதானே என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, "பூட்டு ஜீப்பில் குடை விரிகிறது!" என்ற தலைப்பில் பேச்சியம்மாள் பெயரோடும் வயதோடும் அவர் சொன்னது அப்படியே வந்தது. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அந்தத் திமிரில் அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு என் வீட்டுக் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் பேச்சியம்மாள், கையில் தூக்குச்சட்டி, கக்கத்தில் பேப்பர்.

"ஏந்தம்பி, என்னைய ஏத்தாம ஜீப்பு போயிருச்சு. மொதலாளியே வந்து நின்னுக்கிட்டு, 'குடைல ஏறிப் போத்தா'ங்குறாரு. எல்லாம் ஒன்னால! கால் வைக்க எடமில்லாம நின்னியே, ஒம்பைய மடியில வச்சுக்கிட்டு வந்தேனே, அதுக்கு நீ செஞ்ச கைமாறு நல்லாருக்கு!"

"நீங்க சொன்னதத்தானக்கா..."

"நான் ஜீப்புல சொன்னேன். நீ அதக் கொண்டி மதுரையில வச்சுட்ட!"

ஏலக்காய் எடுப்புக் காலம் அது. மற்ற ஜீப்புகளில் இடம் கிடையாது, ஒவ்வொன்றும் கணக்காக நிரம்பியிருக்கும். அந்த ஜீப்பில் இடம் போனால் அவருக்கு அந்த வருஷத்து வேலையே போனது. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

சாயங்காலத்துக்குள் மூன்று பேர் வந்தார்கள். முதலில் குடைக் கட்சிக்காரர், பொன்னாடையோடு. பேச்சியம்மாளை மேடையில் ஏற்றிக் கௌரவிக்க வேண்டுமாம். நான் அவரைப் பேச்சியம்மாள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன். "மேடையில ஏறுனா அப்பறம் எந்த ஜீப்புலயும் ஏற முடியாது. அந்தத் துணிய உங்க வீட்ல ஜன்னலுக்குப் போடுங்க" என்று பேச்சியம்மாள் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்து ஜீப் முதலாளி. அவர் சத்தம் போடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். 'நான் அப்படிச் சொல்லவே இல்லை, நிருபர் தானாக எழுதிக்கொண்டார்' என்று எழுதியிருந்தது. "அவ இதுல ஒரு கையெழுத்துப் போட்டா நாளைக்கே ஏறிக்கலாம். நீங்களும் இதைப் பேப்பர்ல போட்டுருங்க. உங்களுக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது" என்றார்.

மூன்றாவது எங்கள் ஆசிரியரின் ட்ரங்க் கால். முதலாளி மதுரைக்கே ஆள் அனுப்பிவிட்டிருந்தார். "நாளைக்குள்ள மறுப்போ விளக்கமோ ஏதாவது ஒண்ணு என் மேஜைக்கு வரணும். இல்லைன்னா நான் வேற நிருபரைப் பாத்துக்கிறேன்" என்றார்.

பஸ் நிலையத்தில் மதுரை பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர், "என்ன சார், கவர் உண்டா இல்லையா?" என்று கேட்கிறார். என் பையில் அந்த மறுப்புத் தாள். அதை அனுப்பிவிட்டால் பேச்சியம்மாளுக்கு இடம் கிடைத்துவிடும், எனக்கும் வேலை மிஞ்சும். நான் பொய்யன் என்று பேப்பரில் வரும். அது போனால் போகிறது, தப்புச் செய்தவன் நான்தானே என்று ஒரு மனசு சொன்னது. உண்மையைச் சொல்கிறேன், நான் அனுப்பத்தான் இருந்தேன். பஸ் நிலையத்துக்கு வருமுன் கையெழுத்து வாங்கப் போனபோது பேச்சியம்மாள்தான் தடுத்தார்.

"சொல்லலைன்னு நான் எப்படித் தம்பி சொல்றது? பதினஞ்சு பேரு கேட்டாகள்ல. நாளைக்கு ஜீப்புல ஏறி உக்காந்து எந்த மூஞ்சியோட பேசுவேன்? வாயில்லாம அந்த எடத்துல உக்காந்து எனக்கு என்ன செய்ய?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவர் கேட்பது வெறும் பலகை அல்ல. பேசுகிற இடம். நான் கண்டக்டரிடம், "இன்னைக்குக் கவர் இல்லைங்க" என்றேன். பஸ் போய்விட்டது. பிள்ளைகளா, நம் தொழிலில் கவர் அனுப்பாமல் இருப்பதுதான் பெரிய சிரமம். எழுத ஆயிரம் பேர் சொல்லித் தருவார்கள். பஸ்ஸைப் போக விட யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

விடியற்காலை ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனேன். பதினைந்து பெண்களும் நின்றார்கள். பேச்சியம்மாள் இல்லை. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் நின்றார்.

"தப்பு என்னுது. எல்லாரும் சொன்னத நான் ஒரு ஆள் பேருல போட்டேன். அது அவுக மட்டும் சொன்னது இல்லைன்னு திருத்தம் போடணும்னு இருக்கேன். ஆனா உங்க பேரப் போட்டா உங்களுக்கும் இதே கதி வரலாம். வேணாம்னா ஒரு எழுத்து எழுத மாட்டேன், சத்தியமா" என்றேன்.

முதலாளி, "ஆறாச்சு, ஏறுங்க" என்றார். யாரும் ஏறவில்லை. கூட்டத்தில் ஒச்சம்மாள் என்று ஒருவர், நாற்பது வயதுக்காரர், அன்றைக்கு மாப்பிள்ளையை வைத்துக் கரண்டைத் தள்ளுபடி செய்தவர். அவர் சாவகாசமாக ரோட்டோரம் உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து, மத்தியானச் சோற்றைச் சாப்பிடத் தொடங்கினார்.

"ஏத்தா, ஆறாச்சுன்னு சொல்றேன்ல!"

"எங்களுக்கு இன்னும் ஆறாகலைங்க மொதலாளி. ஒரு ஆளு கொறையிது" என்றார் ஒச்சம்மாள், வாயில் சோற்றோடு. அப்புறம் என்னைப் பார்த்தார். "எழுதிக்க தம்பி. ஒச்சம்மா. ரெண்டு ம் போடணும்."

அதற்குப் பிறகு வரிசையாக வந்தது. "காமாட்சி." "எம்பேரு மாரியம்மா, நாலு மாரியம்மா இருக்கோம், மேலத்தெருன்னு சேத்துப் போடு." புதிதாகக் கல்யாணமான விஜயா மட்டும் தயங்கினாள். "எம்பேரு வந்தா எங்க மாமியா ஜீப்புல தெரிஞ்சிரும்." நான் உடனே, "வேணாம்மா, விட்டுரு" என்றேன். அவள் இரண்டு நிமிடம் நகத்தைக் கடித்துவிட்டு, "தெரிஞ்சா தெரியட்டும். கல்யாணப் பத்திரிகைக்கு அப்பறம் எம்பேரு அச்சுல வந்ததே இல்ல, போடுங்கண்ணே" என்றாள்.

மற்ற ஜீப்புகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. முதலாளியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. மேலே தோட்டத்தில் காய் பழுத்துக் கிடக்கிறது, காலி ஜீப் போனால் நாளைக்கு வேறு ஜீப்பைப் பேசிவிடுவார்கள். தேர்தலுக்கு இன்னும் எட்டு நாள். எதிரில் ஒருவன் நின்று பெயர் எழுதிக்கொண்டிருக்கிறான். கடைசியில், "ராசு, போய் அவளக் கூட்டிட்டு வாடா" என்றார்.

"கூட்டிட்டு வரக் கூடாது. ஜீப்பு அவ வீட்டுக்குப் போகணும்" என்றார் ஒச்சம்மாள், சட்டியை மூடிக்கொண்டே.

பேச்சியம்மாள் தெருவில் ஜீப் லேசில் நுழையாது. ராசு ரிவர்சில் இஞ்சு இஞ்சாக ஓட்டினார், கோழிகள் பறந்தன, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பேச்சியம்மாள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்தார், பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. "இந்தா ரெண்டாவது சடையும் முடிச்சுட்டு வாறேன்" என்று, அவ்வளவு நிதானமாக, ரிப்பன் கட்டி, குஞ்சம் சரி பார்த்து, அப்புறம்தான் வந்து தன் பலகையில் ஏறினார். அதுவரைக்கும் ஜீப் நின்றது. எனக்கும் அழுகை வந்தது, தெருவில் எல்லோருக்கும் முன்னால்.

அன்றைய கவரில் திருத்தம் போனது. "பேச்சியம்மாள் ஒருவர் மட்டும் கூறியதாக வெளியான கருத்து, அந்த ஜீப்பில் பயணம் செய்த கீழ்க்கண்ட அனைவரும் கூறியது" என்று எழுதி, கீழே பதினைந்து பெயர்கள். ஆசிரியர் ட்ரங்க் காலில் சிரித்தார். "யோவ், செய்தியவிட திருத்தம் நீளமா இருக்கு. இந்தத் தொழில்ல நான் இதப் பாத்ததே இல்ல." "பேரு வேணும்னு கேட்டது நீங்கதான சார்" என்றேன். போட்டுவிட்டார். என் வேலையும் தங்கியது. ஜீப் மறுபடி காத்து நிற்கத் தொடங்கியது. அந்தத் தேர்தலில் எங்கள் ஊர்ப் பெட்டிகளில் குடை முந்தியது. முடிவு வந்த அன்றைக்குச் சாயங்காலமே பால்ராஜ் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்து, "எங்குடையக் குடுங்க சார், மழை வர்ற மாதிரி இருக்கு" என்று வாங்கிக்கொண்டு போனார்.

கதை இத்தோடு நின்றிருந்தால் நான் தேனிக் கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்குக் கம்பீரமாகப் பதில் சொல்லியிருப்பேன். கூட இருக்கிறவர்களோடு சேர்ந்து நம்புகிறார்கள், ஜீப்பை எண்ணு, ஓட்டு தெரியும் என்று. அப்படித்தான் நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

சில வருஷம் கழித்துக் கம்பம் பஸ் நிலையத்தில் ஒச்சம்மாளைப் பார்த்தேன். மலை வேலையை விட்டுவிட்டார். கூடையோடு கூடலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். பழைய கதையெல்லாம் பேசினோம். சட்டென்று சிரித்தார்.

"ஒந்திருத்தத்துல ஒரு தப்பு இருக்கு தம்பி."

"ரெண்டு ம் போட்டேனேக்கா!"

"அதில்ல. அந்தத் தடவை நான் போட்டது பூட்டுக்குத்தான்."

நான் வாயைப் பிளந்தேன். "எல்லாரும் ஆமாம் போட்டீகளே!"

"நான் எங்க போட்டேன்? வெத்தலையக் கொதப்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். எம்மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம், விடிய விடிய வலி. அப்ப இந்த மொதலாளியோட அப்பாதான் ஜீப்ப அனுப்பி கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டி விட்டாக. மகன் கிறுக்கன்தான். அதுக்காக அவுகள மறக்க முடியுமா? நான் சாகுறவரைக்கும் பூட்டுத்தான்."

"அப்பறம் எதுக்குப் பேரக் குடுத்தீக? அதுவும் மொதப் பேரு!"

ஒச்சம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஓட்டு அஞ்சு வருசத்துக்கு ஒரு நாளு. ஜீப்பு தெனமும் தம்பி. எதிர்ப்பலகையில அவ இல்லாம, வெறும் பலகையப் பாத்துக்கிட்டே நான் மலையேறணுமா?"

ஆக, அச்சில் வந்த பதினைந்து பெயரில் ஒன்று தப்பு. எனக்குத் தெரிந்து ஒன்று, தெரியாமல் எத்தனையோ. அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது. நான் அதை அனுப்பவே இல்லை. இப்போது இங்கே அனுப்பிவிட்டேன்.

கூடலூர் பஸ் வந்தது. ஒச்சம்மாள் முண்டி ஏறி, ஜன்னலோரம் கூடையைப் போட்டு, நகர்ந்து உட்கார்ந்து, வெளியே நின்ற என்னைப் பார்த்து, "ஏறு தம்பி, எடம் போட்டிருக்கேன்" என்றார்.

நான் போக வேண்டியது சின்னமனூருக்கு, நேர் எதிர்த் திசை. ஆனாலும் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.